மூடுபனிக்கு எத்தனை வாட்?

காருக்கு ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) மாதிரிக் கூடுதல் விளக்கு போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை வாட் போடலாம்?" நான் பொள்ளாச்சிக்காரன். அக்கா வால்பாறையில் ஆசிரியை. மழை, பனி என்று பார்க்காமல் அந்த மலைப்பாதையில் ஏறி இறங்குவது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், வாட் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வெளிச்சம் எங்கே போய் விழும், எங்கே விழாமல் இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. அட்டகட்டி வரை பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. அதற்கு மேலே கவர்க்கல் பக்கம் போனால்தான் விஷயமே. தென்மேற்குப் பருவமழை நாட்களில் மேகமே இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்துவிடும். பகல் மூன்று மணிக்கே ஹெட்லைட் தேவைப்படும். வானிலைக் கணக்கில் பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, 200 மீட்டருக்குக் கீழே அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்த மூடுபனி. கவர்க்கலில் பானட்டுக்கு முன்னால் ஓரத்து வெள்ளைக் கோடு கொஞ்சம் தெரியும், அதற்கப்புறம் ஒன்றுமே தெரியாது என்கிற நேரங்கள் உண்டு. அது கடைசி வகை.

அந்த நேரத்தில் புதிதாக ஓட்டுபவர் கை தானாகவே ஹை பீமுக்குப் போகும். இருட்டில் கண் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைக் கூட்டுவதுதானே வழக்கம். ஆனால் மூடுபனியில் குறைவது வெளிச்சம் கிடையாது. காற்றில் தொங்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகள் நம் வெளிச்சத்தையே வாங்கி எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அதில் ஒரு பங்கு நேராக நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கொடியில் காயும் வெள்ளை வேட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்க டார்ச் அடிப்பது மாதிரிதான். டார்ச்சின் பலத்தைக் கூட்டினால் வேட்டிதான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

மூடுபனியைத் துளைத்துக்கொண்டு போகும் விளக்கு என்று கடைகளில் சொல்வார்கள். அப்படி ஒரு விளக்கு கிடையாது. ஃபாக் லைட் செய்வது வேறு வேலை. பனிக்குள் வெளிச்சத்தை எவ்வளவு குறைவாக அனுப்ப முடியுமோ அவ்வளவு குறைவாக அனுப்பி, தரையை மட்டும் காட்டுகிறது. நல்ல ஃபாக் லைட்டைச் சுவர் முன்னால் போட்டுப் பாருங்கள். அகலமாக, பட்டையாக, மேல் விளிம்பில் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட இருட்டு. கண் மட்டத்தில் மிதக்கும் துளிகளுக்கு வெளிச்சம் போகாததால் அவை நமக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் இருக்காது.

அதைத் தாழ்வாக வைப்பதற்கும் இதே காரணம்தான். ஐரோப்பிய விதிப்படி காரின் முன்பக்க ஃபாக் லைட் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, 80 சென்டிமீட்டருக்கு மேலே ஏறக் கூடாது. கார் ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். விளக்குக்கும் கண்ணுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு நாம் பார்க்கும் பாதை வெளிச்சம் போகும் பாதையிலிருந்து விலகி நிற்கும். வெளிச்சம் தரையை ஒட்டியே போகும், கண் மேலிருந்து தரையைப் பார்க்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், கூரை மேல் எல்இடி பார் மாட்டிய ஜீப்பு மலையில் ஏன் திணறுகிறது என்பதும் விளங்கும். அந்தப் பார் வெளிச்சம் முழுவதையும் கண்ணுக்கு நேர் முன்னால் இருக்கும் பனியில்தான் கொட்டுகிறது. பானட்டும் சேர்ந்து மின்னும்.

எங்கள் பாதையில் இதற்கு ஒரு தனிப் பயனும் உண்டு. வால்பாறைச் சாலையில் காட்டுமாடு சர்வசாதாரணம். அதன் உடம்பு கருப்பென்றே சொல்லலாம், அவ்வளவு அடர்ந்த பழுப்பு. இரவில், பனிக்குள், சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றால் உடம்பு தெரியவே தெரியாது. ஆனால் முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை, காலுறை போட்டதுபோல இருக்கும். தரையோடு தரையாகப் போகும் வெளிச்சம் முதலில் அந்தக் கால்களில்தான் படும். பனிக்குள் நாலு வெள்ளைக் குச்சிகள் நிற்பதாகத் தெரிந்தால் ஹார்ன் அடிக்காமல், விளக்கை மினுக்காமல், அப்படியே நிறுத்திவிட வேண்டும். அது தானாக நகரும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல ஃபாக் லைட்டுக்குக் கொடுத்த காசு எனக்கு அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

மஞ்சள் விளக்கு பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். மஞ்சள் பனிக்குள் அதிகம் ஊடுருவும் என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சிதறலை இங்கே கொண்டுவந்து பொருத்தியதால் வந்த நம்பிக்கை இது. அந்தச் சிதறல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்குத்தான் பொருந்தும். மூடுபனித் துளிகள் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி. மஞ்சளில் உண்மையாக இருக்கும் நன்மை வேறு. நீல ஒளி கண்ணை அதிகம் கூசவைக்கும். அதை வடிகட்டிவிட்டால் நீண்ட நேரம் ஓட்டும்போது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் சாதாரண ஹாலஜன் பல்புக்கு மஞ்சள் பூச்சு பூசினால் அந்தப் பூச்சு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். எனக்கு மஞ்சள் பிடிக்கும், போட்டிருக்கிறேன். வெள்ளை ஃபாக் லைட் வைத்திருப்பவர் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டியது 6,000 கெல்வின், 8,000 கெல்வின் என்று நீலம் கலந்து வரும் பல்புகளைத்தான்.

அடுத்து வேகம். ஃபாக் லைட் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கை, 10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்கும்படி சாய்த்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு 20 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். இப்போது வண்டி நிற்கும் கணக்கைப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடும். எதையோ பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் அதிலேயே 12 மீட்டர் போச்சு. ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 7 மீட்டர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 20 மீட்டர். அதே கணக்கு 40 கிலோமீட்டருக்கு 29 மீட்டர் வரும். விளக்கு காட்டும் இடத்தைத் தாண்டி 9 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமம். எந்தக் கம்பெனி விளக்காக இருந்தாலும் அடர்ந்த பனியில் 30-க்கு மேல் போகும் உரிமையை அது வாங்கித் தராது.

வளைவு இருப்பதால் அகலம் இன்னொரு வகையில் உதவுகிறது. கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ஹெட்லைட் நேராகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், போக வேண்டிய சாலை பக்கவாட்டில் இருக்கும். ஃபாக் லைட்டின் அகன்ற பட்டைதான் வளைவின் உள் ஓரத்தை, தடுப்புச் சுவரின் அடியை, ஓரத்து ரிஃப்ளெக்டர்களைக் காட்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டியரிங் திருப்பும் பக்கத்து ஃபாக் லைட் மட்டும் தானாக எரிகிறது. மலைப்பாதைக்கு அருமையான வசதி.

நாம் பார்ப்பது பாதி, நம்மைப் பிறர் பார்ப்பது மீதி. பகல் பனியில் எனக்கு முன்னால் போகும் புதிய கார்கள் பலவற்றில் பின்னால் ஒரு விளக்கும் எரிவதில்லை. ஓட்டுபவர் மேல் குற்றமும் சொல்ல முடியாது. முன்னால் டிஆர்எல் (பகலில் தானாக எரியும் விளக்கு) பளீரென்று எரிகிறது, டேஷ்போர்டும் வெளிச்சமாக இருக்கிறது, விளக்கு எரிகிறது என்றுதான் எவரும் நினைப்பார். பல கார்களில் டிஆர்எல் எரியும்போது டெயில் லைட் எரியாது. விளக்கு ஸ்விட்சை 'ஆட்டோ' நிலையில் வைத்திருந்தாலும் உதவாது. அந்த சென்சார் பார்ப்பது இருட்டைத்தான். பகல் மூடுபனி அதற்குப் பட்டப்பகல். பனி தொடங்கியதும் கையாலேயே லோ பீமைப் போட்டுவிடுங்கள். ஃபாக் லைட்டை அதோடு சேர்த்தோ, பனி மிக அடர்ந்தால் பார்க்கிங் லைட்டோடு மட்டுமோ போட்டுப் பார்த்து, எதில் சாலை நன்றாகத் தெரிகிறதோ அப்படி வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்க ஃபாக் லைட் என்று ஒன்று பல கார்களில் இருக்கிறது, இருப்பதே தெரியாமல் பலர் ஓட்டுகிறார்கள். ஸ்விட்சில் இரண்டு படங்கள் இருக்கும். முன் விளக்கின் படத்தில் கதிர்கள் சாய்ந்து இறங்கும், டேஷ்போர்டில் பச்சையாக எரியும். பின் விளக்கின் படத்தில் கதிர்கள் கிடைமட்டமாக இருக்கும், எரியும்போது ஆம்பர் நிறம். சாதாரண டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசம் அதற்கு, பிரேக் லைட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும். பனியில் பின்னால் வருபவருக்கு அதுதான் உயிர். பனி விலகியபின் அதுவே தொல்லை. கண்ணைக் குத்தும், நாம் பிரேக் பிடிப்பதும் அதோடு கலந்து தெரியாமல் போகும். ஜெர்மனியில் பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால்தான் பின் ஃபாக் லைட்டைப் போடலாம், போட்டால் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் அப்படிப் பழக்கம் வரவில்லை. அட்டகட்டி இறங்கியதும் அணைக்க வேண்டும் என்று நானே ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஹசார்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதையும் விட வேண்டும். நான்கு இண்டிகேட்டரும் மினுக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? வண்டி நிற்கிறதா, நகர்கிறதா என்பதும் அவருக்குப் புரியாது. அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு.

சரி, கடைக்குப் போவோம். கோவையிலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ போய் நின்றால் மேசை மேல் இருபது வகை விளக்கு வந்து விழும். பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் எண்ணைப் பார்க்காதீர்கள். மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்று மட்டும்தான் அது சொல்லும், எங்கே போகிறது என்று சொல்லாது. பெட்டியை வைத்துவிட்டு விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் ஐரோப்பிய விதிப்படி சோதித்து அங்கீகரித்த விளக்கு. எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும், 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரிட்டன். பக்கத்தில் 'பி' (B) என்றோ 'எஃப்3' (F3) என்றோ இருந்தால் அது முன்பக்க ஃபாக் லைட். 'எச்ஆர்' (HR) என்று இருந்தால் ஹாலஜன் ஹை பீம், அதாவது தூரத்துக்கு அடிக்கும் டிரைவிங் லைட். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஃபாக் லைட் என்று சொல்லி டிரைவிங் லைட்டை விற்றுவிடும் கடைகள் இருக்கின்றன. கண்ணாடியில் எதுவுமே இல்லாத விளக்கு என்றால் நான் கையில்கூட எடுப்பதில்லை.

காரோடு வந்த ஃபாக் லைட்டில் பல்பை மட்டும் எல்இடியாக மாற்றுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஹாலஜன் பல்பில் ஒளி வருவது சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சின்னச் சுருள் கம்பியிலிருந்து. பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரை அந்தக் கம்பி எந்த இடத்தில் இருக்கும் என்று அளந்து, அதற்காகவே வளைத்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் ஒளி தட்டையான இரண்டு பக்கங்களிலிருந்து, வேறு வடிவத்தில் வருகிறது. ரிஃப்ளெக்டருக்கு அது புரியாது. சுவரில் போட்டுப் பார்த்தால், முன்பு கத்தி போல இருந்த மேல் விளிம்பு கரைந்து, வெளிச்சம் மேலே வழிந்து நிற்கும். பனியில் நமக்கு வேண்டாத இடம் எதுவோ அங்கேயே போய் நிற்கும். எல்இடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கே எல்இடிக்காக வடிவமைத்து முழு யூனிட்டாக வந்தால், கண்ணாடியில் முத்திரையும் இருந்தால், மிக நல்லது. மின்சாரமும் குறைவாகப் பிடிக்கும்.

100 வாட் பல்பு பற்றி இரண்டே வரி. எச்11 பல்பு 55 வாட்டுக்கு, எச்8 பல்பு 35 வாட்டுக்கு என்று கணக்கிட்டுச் செய்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் 100 வாட் சூட்டை வைத்தால் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும், ஹோல்டர் உருகும். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் பல்பை மாற்றும் முன் ஒயரைப் பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர். அம்பாசடர் காலத்திலிருந்து ஒயரிங் செய்கிறவர். புது ஃபாக் லைட்டோடு போய் நின்றபோது அவர் விளக்கைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மல்டிமீட்டர் முனையை முதலில் பேட்டரியில் வைத்தார். 13.6 வோல்ட். அப்புறம் எரியும் பல்பின் பின்பக்கம் வைத்தார். 12.2.

"பாத்தீங்களா தம்பி, வழியிலயே ஒண்ணரை வோல்ட்டு காணாமப் போயிருச்சு. புது வெளக்கு மாட்டுனாலும் இதே கதைதான்" என்றார்.

"ஒண்ணரை வோல்ட்டுதானுங்களேண்ணா?"

"வோல்ட்டுதான் ஒண்ணரை. வெளிச்சத்துல பாத்தா மூணுல ஒரு பங்கு போயிரும்."

அவர் அனுபவத்தில் சொன்னது புத்தகக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதத்தோடு நிற்காது, ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கிவிடும். மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த், டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை போய்ச் சுற்றி வரும் பாதை, எல்லாம் சேர்ந்து தின்பது அது.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் தனி ஸ்விட்ச். இரண்டு 55 வாட் விளக்கு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதை ஸ்விட்ச் வழியாக விட்டால் ஸ்விட்ச் வெந்து போகும். ரிலேயில் நாலு கால் இருக்கும், அடியில் எண் போட்டிருப்பார்கள். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் 30-க்கு வரும். 87-இலிருந்து நேராக விளக்குக்குப் போகும். 86-க்கு ஸ்விட்சிலிருந்து மெல்லிய ஒயர், 85 எர்த். ஸ்விட்ச் வழியாக ஓடுவது ரிலேயைத் தட்டிவிடத் தேவையான துளி மின்சாரம் மட்டும். அண்ணன் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைத்தான் எடுத்தார். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தார். நடுவில் எங்காவது ஒயர் உரசித் தகட்டில் பட்டால் ஃபியூஸ் போக வேண்டும், வண்டி போகக் கூடாது என்பதற்காக. எர்த்தை பாடியில் கண்ட இடத்தில் முறுக்காமல், பெயிண்டைச் சுரண்டி, வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவினார். காரின் பழைய ஒயரை ஒரு இடத்திலும் வெட்டவில்லை. புதுக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லிச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கேட்கப் போகும்போது சிக்கலாகும். ஹெட்லைட்டுக்கும் அதே போல ஒரு ரிலே ஹார்னஸ் (ரிலேயோடு சேர்ந்த ஒயர் கட்டு) போட்டுவிட்டார். வித்தியாசம் அன்று இரவே தெரிந்தது.

விளக்கை மாட்டியபின் சாய்வு வைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். வழக்கமாக ஏற்றும் சுமையோடு, டயரில் காற்று சரியாக வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது டேப்பில் படுத்திருக்க வேண்டும், இடது வலது இரண்டும் ஒரே கோட்டில். ஒன்றை மூடிவிட்டு மற்றதைப் பார்த்தால் எளிது. பத்து நிமிட வேலை. நம் ஊரில் எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும் ஃபாக் லைட்டுகளில் பெரும்பாலானவை கெட்ட விளக்கு அல்ல, சாய்வு வைக்காத விளக்குதான்.

இன்னொரு பழக்கமும் ஒழிய வேண்டும். பனியே இல்லாத தெளிந்த இரவில் அழகுக்காக ஃபாக் லைட்டை எரியவிட்டு ஓட்டுவது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளபளவென்று இருப்பதால் நன்றாகத் தெரிவதாகத் தோன்றும். உண்மையில் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட, தூரத்தில் மங்கலாக இருப்பதைப் பார்க்கும் திறன் குறைகிறது. மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் அந்த வெளிச்சம் தரையில் பட்டு எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

டிரைவிங் லைட் இதற்கு நேர் எதிரான சாமான். ஃபாக் லைட் கிட்டத்தில், அகலமாக, தாழ்வாக. டிரைவிங் லைட் தூரத்தில், குறுகலாக, நேராக. ஹை பீமுக்குத் துணை அது, பனியில் போட்டால் கெடுதல்தான். தேவை என்ன என்று மறுபடியும் நிற்கும் தூரத்தை வைத்தே பார்க்கலாம். காய்ந்த சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 100 மீட்டர் ஆகும். லோ பீமில் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் 50, 60 மீட்டரில்தான் கண்ணில் படும். அந்த இடைவெளியை ஹை பீம் அடைக்கும், அதற்கு மேலும் வேண்டும் என்பவருக்குத்தான் டிரைவிங் லைட். அதிலும் ஐரோப்பிய விளக்குகளின் கண்ணாடியில் 17.5, 37.5 என்று வெளிச்சத்தின் பலத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். வண்டியில் எரியும் எல்லா ஹை பீம் விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது என்பது அங்கத்திய விதி. எதற்கும் ஒரு வரம்பு உண்டு என்று விளக்குச் செய்கிறவர்களே ஒத்துக்கொண்ட கணக்கு.

டிரைவிங் லைட்டின் ரிலேயைத் தட்டிவிடும் ஒயர் ஹை பீமிலிருந்துதான் வர வேண்டும். எதிரே வண்டி வந்ததும் டிம் செய்தால் எல்லாம் ஒன்றாக அணைய வேண்டும். தனி ஸ்விட்ச் மட்டும் வைத்தால், அவசரத்தில் ஹெட்லைட்டை டிம் செய்துவிட்டு டிரைவிங் லைட்டை மறந்துவிடுவோம். எதிரே பைக்கில் வருகிறவர் அந்த இரண்டு விநாடியில் சாலையை விட்டு இறங்கிவிடுவார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதி, முன் விளக்கின் வெளிச்சம் 8 மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணைக் கூசவைக்காதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 111-ஆவது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதையே தடுக்கிறது. விதிவிலக்கான நிலையில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டும் வைக்கலாம். ஹெட்லைட் நடுவில் போலீஸார் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காட்சி நம் எல்லோருக்கும் பழக்கம். கூச்சத்துக்கு அது முழு மருந்து என்று நான் நினைக்கவில்லை, சாய்வு சரிபார்ப்பதுதான் மருந்து. ஆனால் அந்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய நிலைக்கு நாம்தான் வந்தோம்.

கரூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் வியாபார விஷயமாகத் திண்டுக்கல் பக்கம் விடியற்காலையில் அடிக்கடி போய்வருகிறான். போன தீபாவளிக்கு வந்தபோது, "அண்ணா, ரெண்டு ரவுண்டு டிரைவிங் லைட்டும் ஒரு எல்இடி பாரும் போடலாம்னு இருக்கேன். நாலு வழிச் சாலைதானே, நடுவுல அரளிச் செடி மறைச்சுக்கும்" என்றான். செடி கார்க்காரனை மறைக்கும். லாரிக்காரர் உட்கார்ந்திருப்பது செடிக்கு மேலே. ராத்திரி முழுக்க ஓட்டிக் களைத்த அவர் கண்ணில்தான் அந்தப் பார் போய் அடிக்கும். செடி பட்டுப்போன இடங்களும் அந்தச் சாலையில் நிறைய.

அவன் காரின் ஹெட்லைட் கண்ணாடியைப் பார்த்தேன். வெயிலில் மஞ்சளித்து, பால் ஊற்றியதுபோல மங்கிக் கிடந்தது. வைப்பர் பிளேடு கிழிந்திருந்தது. விண்ட்ஷீல்டின் உள்பக்கம் விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பசை. எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் விரிந்து கூசுவது அந்தப் பசையால்தான். எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஹெட்லைட்டை பாலிஷ் போட்டு, ரிலே ஹார்னஸ் மாட்டி, நல்ல கம்பெனி 60/55 வாட் எச்4 பல்பு புதிதாகப் போட்டு, சாய்வு வைத்து அனுப்பினோம். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, வைப்பரையும் மாற்றிக்கொண்டான். எல்லாம் சேர்த்தும் அவன் விசாரித்து வைத்திருந்த எல்இடி பாரின் விலை வரவில்லை.

பொங்கலுக்குப் போன் செய்தான். டிரைவிங் லைட் இப்போதைக்கு வேண்டாம் என்றான். ஆனால் தை மாத விடியலில் வேடசந்தூர் பக்கம் பனி இறங்குகிறதாம். "பம்பர்ல ஃபாக் லைட்டுக்கு இடம் விட்டிருக்காங்கண்ணா, வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கு. எது வாங்கட்டும்?" என்று கேட்டான். கண்ணாடியில் 'பி' பார்த்து வாங்கு, ரிலேயோடு மாட்டு, சுவரில் டேப் ஒட்டு என்றேன். வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கே வருகிறேன், அண்ணன் கையாலேயே மாட்டிக்கொள்கிறேன் என்றான்.